கப்பலுக்கு அனுப்பிய அளவுநூல்

என் வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் யார் பேச்செடுத்தாலும் கப்பலில்தான் தொடங்குவார்கள். எந்தக் கடலெல்லாம் பார்த்தார், எத்தனை வருஷம் கடற்படையில் இருந்தார், சட்டையில் என்னென்ன பதக்கம் குத்தியிருந்தார் என்று. கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் கப்பலை நான் ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. என்னைக் கேட்டால் தையலில்தான் தொடங்குவேன்.

நாற்பத்தேழில், நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு எங்கள் கல்யாணம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வேதக்கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டோம். சண்டைக் காலத்தில் பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தவர் அவர். பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவருடைய வெள்ளை உடுப்பையே பார்த்தார்கள். நானும் அதைப் பார்த்துத்தான் சம்மதித்தேன் என்பதை மறைப்பானேன். எனக்குப் பத்தொன்பது வயது, தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

முதல் வாரத்திலேயே என் ரவிக்கை அக்குளில் கிழிந்தது. நான் ஊசியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் தம் பெட்டியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தார். உள்ளே ஊசி, நூல், பித்தான், சிறு கத்தரி. கால் மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார். கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை. கப்பலில் அவருக்குச் சிக்னல் வேலை. ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குக் கொடியாலும் விளக்காலும் செய்தி சொல்வது. காற்றில் கிழியும் கொடிகளைத் தைப்பதும் அந்த வேலையிலேயே சேர்ந்தது. என் ரவிக்கை அவருக்கு எம்மாத்திரம்!

விடுமுறைக்கு வந்தால் துணியும் அவரே துவைப்பார். ஒருநாள் என் சேலையைக் குளத்துக்குக் கொண்டுபோய்விட்டார். படித்துறையில் நின்ற பெண்கள் சும்மா இருப்பார்களா?

"கப்பக்காரரு பெண்டாட்டிக்க சேலைய அலக்குதாரு, பாத்தியளா!"

"கப்பல்ல எனக்கு ஆரும் அலக்கித் தரல்ல அக்கா. பழகிப் போச்சு. உங்களுக்கும் இருந்தா போடுங்க" என்று சொல்லிவிட்டு அலசிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு மூச்சு சண்டை போட்டேன். அவர் சிரித்தபடி சேலையைக் கொடியில் சுருக்கமில்லாமல் விரித்தார். அவரோடு சண்டை போடுவது அப்போது அவ்வளவு எளிதாக இருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நானும் அவருடைய அக்காவும். சிறு வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டில் இருந்தவர். நான் மைனி என்று கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒதுக்க முடியாதபடி பேசுவார்.

நாற்பத்தெட்டு முடிவில் மகள் பிறந்தாள். அப்பா அவளை முதலில் பார்த்தபோது அவளுக்கு ஏழு மாதம். அந்த விடுமுறை முழுவதும் பிள்ளையைத் தரையில் விடவில்லை. இரண்டு சட்டைகளும் தைத்துப் போட்டார். பம்பாய்க்குத் திரும்பிப் போனதும் எழுதினார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையின் அளவு வேண்டுமாம். என் கையில் அளவு நாடா கிடையாது. அதற்கும் அவரே வழி சொல்லியிருந்தார். நூலை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை பிடித்து வெட்ட வேண்டும். மார்புச் சுற்றளவுக்கு ஒரு முடிச்சு, தோளிலிருந்து முழங்கால் வரைக்கு இன்னொரு முடிச்சு. நூலைக் கடிதத்துக்குள் மடித்து வைத்து அனுப்பிவிட வேண்டும்.

அப்படித்தான் அனுப்பினேன். முதல் சட்டை வந்தது. அது வழியில் கிடந்த நாட்களில் பிள்ளை வளர்ந்துவிட்டாள், கை நுழையவில்லை. எழுதினேன். அடுத்த முறையிலிருந்து தபால் போய்வரும் நாளைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் தாராளமாக வெட்டினார். அதன் பிறகு ஒன்றும் தப்பவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து தைத்த சட்டை, பக்கத்துத் தெருத் தையற்காரர் தைத்ததைவிட நன்றாகப் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் அவள் சட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அந்த நூல்களை அவர் எறியவில்லை. தகரப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதாக எழுதியிருந்தார். 'காலையில் பெட்டியைத் திறக்கும்போது பார்ப்பேன். ஒவ்வொரு நூலும் அதற்கு முந்தியதைவிட ஒரு விரல் கூடுதலாக இருக்கிறது. இப்படித்தான் என் பிள்ளை வளர்வதை நான் பார்க்கிறேன்.' அந்தக் கடிதத்தை மைனிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

இரண்டு வயதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அல்லது சரியாக இருந்ததாக நான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு பழக்கம் வந்தது. பத்து எட்டு நடப்பாள், உடனே குந்தி உட்கார்ந்துவிடுவாள். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள், பிறகு எழுந்து நடப்பாள். நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். அழுதால் உதடு நீலமாகும். நாவற்பழம் தின்றவள் போல இருக்கிறாள் என்று அதற்கும் சிரித்தோம். வைத்தியர், பிள்ளைகளுக்கு வரும் கணைச்சூடு என்றார். மருந்து கொடுத்தார், கொடுத்தோம்.

ஐம்பத்தொன்றில் ஒருநாள், முறைப்படி அவளைச் சுவரோடு நிறுத்தி நூல் பிடித்தேன். அனுப்பும் நூலுக்கு ஒரு பிரதியை நான் வைத்துக்கொள்வது வழக்கம். புது நூலையும் போன முறை வைத்த பிரதியையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. மூன்று மாதத்தில் பிள்ளை ஒரு நூலிழைகூட வளரவில்லை.

அவர் அப்போது கப்பலோடு வெளிநாட்டுக்குப் போயிருந்தார். அந்த வருஷம் விடுமுறையும் இல்லை. கடலில் இருப்பவர் இதைப் பார்த்துவிட்டு என்ன செய்வார், வருத்தப்படுவார், அவ்வளவுதானே என்று எண்ணினேன். அடுத்த மூன்று மாதத்தில் பிள்ளை சேர்த்து வளர்ந்துவிடுவாள் என்றும் எண்ணினேன். புதிதாக ஒரு நூலை எடுத்து, ஒரு விரல் கூட்டி வெட்டினேன். முடிச்சுகளையும் அதற்குத் தக்கபடி தள்ளிப் போட்டேன்.

மைனி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இது பிள்ளைக்க அளவு இல்லியே."

"வளந்திருவா மைனி."

"வளந்த பொறவு அனுப்பு. இப்ப உள்ளத எழுது மக்கா. அவன் அங்க கெடந்து பொய்யப் பாத்துச் சந்தோசப்படாண்டாம்."

"எனக்க மாப்பிளைக்கு என்ன எழுதணும்னு எனக்குத் தெரியும்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மைனி முறத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நூல் பிடிக்கும் நாளில் அவர் வீட்டில் இருக்கவே மாட்டார்.

அடுத்த மூன்று மாதத்தில் அவள் வளரவில்லை. அதற்கடுத்த மூன்று மாதத்திலும் ஏதோ பேருக்கு வளர்ந்தாள். நான் ஒவ்வொரு முறையும் ஒரு விரல் கூட்டினேன். வந்த சட்டைகளைப் பிரித்து, மடித்துத் தைத்துப் போட்டேன். என் தையல் அவருடையதைப் போல இருக்காது. கோயிலில் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஐம்பத்திரண்டு தொடக்கத்தில் அவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. பத்து வருஷம் முடியப் போகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் நெடுங்காலம் இருக்கலாம், மேல்வேலை கிடைக்கும், முடிவில் பென்ஷன் உண்டு. போடாவிட்டால் சில வாரங்களில் ஊருக்கு வந்துவிடலாம். மார்த்தாண்டத்தில் தையல்கடை வைக்கலாம் என்று ஓர் எண்ணமும் அவருக்கு இருந்தது. 'முடிவை உன்னிடம் விடுகிறேன். பிள்ளை சுகமாக வளர்கிறாள் என்றால் கையெழுத்துப் போடுவேன். அவளுக்கு ஏதாவது குறை இருந்தால் ஒரு வரி எழுது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். அளவு நூலும் அனுப்பு.'

ஒரு வரிதான் கேட்டார்.

இப்போதும் அந்தக் கடிதத்தின் முன்னால் உட்கார்ந்த என்னை நினைத்தால் கன்னத்தில் அறையத் தோன்றுகிறது. வெள்ளை உடுப்புக்காரரின் மனைவி தையல்கடைக்காரரின் மனைவியாவதா என்ற அற்ப எண்ணம் எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியது பயம். குறை இருக்கிறது என்று எழுதினால் அதற்கு முன் அனுப்பிய மூன்று நூல்களும் பொய் என்று எழுத வேண்டும். அவர் பெட்டி மூடியில் தொங்கும் அந்த வரிசையைப் பொய் என்று எப்படி எழுதுவது? 'பிள்ளை சுகமாக இருக்கிறாள்' என்று எழுதினேன். நாலு விரல் கூடுதலாக நான்காவது நூலை வெட்டி மடித்து வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து விடுமுறையில் வந்தார். திருநெல்வேலியில் ரயிலை விட்டு இறங்கி, ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது நடுப்பகல். கையில் காகிதப் பொட்டலம். வெளிர்நீலத் துணியில் வெள்ளைக் கழுத்து வைத்துத் தைத்த சட்டை. குளிக்கக்கூட இல்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, "கையப் பொக்கு மக்கா" என்று சொல்லித் தலைவழியாகப் போட்டார்.

சட்டை தோளை விட்டு நழுவியது. கீழே கணுக்காலைத் தொட்டது. அவள் சந்தோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள், உடனே குந்தி உட்கார்ந்தாள். அவர் சட்டையின் தோளைப் பிடித்துப் பார்த்தார். விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"எனக்க கணக்கு தப்பிச்சு பிள்ளே" என்றார் என்னிடம். "வெட்டும்ப எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர் எழுந்து பையிலிருந்து நான் கடைசியாக அனுப்பிய நூலை எடுத்தார். பிள்ளையை எழுப்பிச் சுவரோடு நிறுத்தி, குதிகாலில் ஒரு முனையை வைத்துப் பிடித்தார். மறுமுனை அவள் தலைக்கு மேலே நின்றது. இடைவெளியில் தம் விரல்களை வைத்தார். நாலு விரல் நுழைந்தது.

என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் குனிந்து பிள்ளையைத் தம் பக்கம் திருப்பினார். பிள்ளையின் உதட்டைப் பார்த்தார், விரல் நகங்களைப் பார்த்தார். "நாளைக்குக் காலத்த ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நெடுநேரம் அவள் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறவியிலேயே இருதயத்தில் குறை என்றார். குந்தி உட்காருவது விளையாட்டு அல்ல, மூச்சுக்காக. மருந்து இல்லை. எத்தனை நாள் என்று சொல்ல முடியாது, அதிகம் இராது. அவள் மனம் நோகாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"ஒரு வருசத்துக்கு முன்ன கொண்டுவந்திருந்தா?" என்று இவர் கேட்டார்.

"அப்பவும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்."

என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. என் பொய் பிள்ளையைக் கொல்லவில்லை. இவ்வளவு பெரிய துக்கத்தின் நடுவே எனக்கு அப்படி ஓர் ஆறுதல் வந்ததை எண்ணி வெட்கப்படுகிறேன். ஆனால் வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் அவர் மடியில் தூங்கிவிட்டாள். அவர் வெளியே பார்த்தபடி, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்."

இறங்கிய பாரம் திரும்ப வந்து உட்கார்ந்தது. அவள் நாட்கள் இவ்வளவுதான் என்றால், அந்த நாட்கள் முழுவதும் அவள் அப்பாவின் மடியில் இருந்திருக்கலாம். நான் அவளிடமிருந்து எடுத்தது அதைத்தான்.

போட்ட கையெழுத்தை அழிக்க வழியில்லாததால் விடுமுறையை நீட்டிக் கேட்டு எழுதினார். சில நாட்கள் கூடக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் அவளை நடக்க விடவில்லை. தோளில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஒருநாள் கடியப்பட்டணம் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். மீன் வள்ளங்கள் கரையேறியிருந்தன. அவள் மணலில் குந்தியிருந்து, "அப்பாக்க கப்பல் எங்க?" என்று கேட்டாள். அவர் ஒன்றுமில்லாத கடலை நோக்கிக் கையை நீட்டி, "அந்தா, அதுக்கும் அந்தப் பக்கம்" என்றார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் மேலும் பக்கத்திலும் மாற்றி மாற்றி நீட்டினார். கப்பல்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். உன் பெயரைச் சொன்னேன் என்றார். அவளும் உட்கார்ந்தபடியே கைகளை நீட்டினாள். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று நான்கூடச் சிரித்தேன்.

போகும் நாள் காலையில் அவர் புது நூல் ஒன்றை எடுத்தார். அவளைச் சுவரோடு நிறுத்தி, தாமே அளவெடுத்து, தாமே வெட்டினார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இனி நூல் அனுப்பு என்று என்னிடம் சொல்லவில்லை. நான் அனுப்பட்டுமா என்று கேட்கவும் இல்லை. எந்த வாயால் கேட்பது?

ஐப்பசி மழையில் ஒரு காலைப்பொழுதில் அவள் போனாள். மைனியின் மடியில் குந்தியிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள், அப்படியே சாய்ந்தாள். தந்தி கொடுத்தோம். கப்பல் கடலில் இருந்தது. அது அவர் கைக்குக் கிடைக்க எட்டு நாள் ஆனது. அதற்கு முன்பே கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

சவப்பெட்டி செய்ய ஆசாரி வந்து அளவெடுத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு முழக்கோலை எடுக்க மாட்டார்கள். ஒரு பனை ஈர்க்கை உடம்போடு சேர்த்து வைத்து, அளவுக்கு ஒடித்துக்கொண்டு போவார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஈர்க்கு ஒடிந்த சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் அவருக்கு எழுதினேன். முதல் நூலிலிருந்து நான்காவது நூல்வரை, ஏன், எதற்கு, மைனி சொன்னது, நான் சொன்னது எல்லாம். பதில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள், அக்காவைப் பார்த்துக்கொள், மழையில் பின்சுவர் நனைகிறதா, கூரையை மாற்றச் சொல் என்றெல்லாம் இருந்தது. நூலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அடுத்த வருஷம்தான் வர முடிந்தது. வந்த அன்றே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். நானும் மைனியும் கூடப் போனோம். மண்மேட்டில் முளைத்திருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீனும் சாப்பிட்டார். பிற்பகலில் சட்டையை மாட்டிக்கொண்டு ஆசாரியின் பட்டறைக்குப் புறப்பட்டார். ஜன்னல் பலகை ஒன்று இற்றுப்போயிருந்தது. அதைச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். நான் முற்றத்தில் நெல் வாரிக்கொண்டிருந்தேன். அவர் கையில் அந்த நூல் இருந்தது, தாமே வெட்டி எடுத்துக்கொண்டு போனது. சாவுக்கு ஒடித்த ஈர்க்கை அடுப்பில் போடக்கூடாது என்று அந்த ஆசாரி ஒரு வழக்கம் வைத்திருந்தாராம். எல்லாவற்றையும் பட்டறைக் கூரையிலேயே செருகி வைத்திருந்திருக்கிறார். அவற்றிலிருந்து எங்கள் பிள்ளைக்கு ஒடித்த சிறியதை உருவி எடுத்துக் கொடுத்திருக்கிறார். இவர் நூலை அதனோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"அரை விரல் கூடியிருக்கு பிள்ளே" என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, அந்த அரை விரல் எவ்வளவு என்று எனக்குக் காட்டினார். "நான் போன பொறவு வளந்திருக்கா."

சொல்லிவிட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதார். கல்லறையில் அழாதவர். நான் அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரு முறைதான். கிட்டே போக எனக்குத் தைரியம் இல்லை. மைனிதான் வந்து தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் எழுதிக் கொடுத்த காலம் முழுவதையும் கடலில் முடித்தார். எங்கள் பகுதி மதராஸோடு சேர்ந்த வருஷம் ஒரு மகன் பிறந்தான், பிறகு இன்னொரு மகள். அவர்களுக்கும் தைத்தார், விடுமுறையில் வரும்போது தாமே அளவெடுத்துக்கொண்டு போய். அளவு அனுப்பு என்று என்னிடம் அவர் மறுபடி கேட்டதே இல்லை. என் சேலையைத் துவைத்தார், என் ரவிக்கையைத் தைத்தார், நான் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்து ஊட்டினார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், மன்னித்துவிடுங்கள் என்று ஒரு நாளாவது காலைப் பிடித்திருப்பேன். அவர் அதற்கு இடமே வைக்காமல் போய்ச் சேர்ந்தார்.